ஆயிரத்து நானூறு

ஜூன் 10, திங்கள்

காலை: இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி, காபி. பதினொரு மணிக்கு டீ, வடை ஒன்று. மதியம்: சோறு, கீரைக்குழம்பு, வாழைக்காய் வறுவல். மாலை: டீ.

சாப்பிடுவதை எல்லாம் எழுத வேண்டும் என்று உத்தரவு. போட்டவள் மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் ஃபௌசியா. முப்பது வயதுகூட இருக்காது. இந்த நோட்டையும் அவள்தான் கொடுத்தாள். "சாப்பாடு மட்டும் இல்ல டீச்சர், தோணுறதையும் எழுதுங்க. முதல் பக்கத்துல உங்களைப் பத்தி எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

பெயர் சண்முகக்கனி. வயது நாற்பத்தொன்று. கோவில்பட்டியில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஒரு காலத்தில் மாவட்ட ஹாக்கி அணியின் கோல்கீப்பர். நான் நின்றால் கோலே தெரியாது என்பார்கள். என் உடம்பைப் பற்றி நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. வீட்டுக்காரர் இசக்கிமுத்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அக்கா தங்கபுஷ்பத்துக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. உடம்பே தன் கல்லீரலை எதிரி என்று நினைத்து அழிக்கிற ஏதோ ஒரு நோய். யாராவது தங்கள் கல்லீரலில் பாதியைக் கொடுக்க வேண்டும். அத்தானுக்குச் சர்க்கரை. மகள் மதிவதனி நாலு மாதக் கர்ப்பிணி. மிச்சம் நான்.

எனக்கு ரத்தம் பொருந்துகிறது. அளவும் பொருந்துகிறது. ஆனால் என் கல்லீரலில் பதினெட்டு சதவீதம் கொழுப்பு. எடை 84.6 கிலோ. ஆகஸ்ட் முடிவதற்குள் எடை எழுபத்தெட்டுக்குக் கீழேயும் கொழுப்பு ஐந்துக்குக் கீழேயும் வந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அக்காவால் காத்திருக்க முடியாதாம்.

அக்காவும் நானும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. காரணம் ஞாபகமில்லை. மதி போனில் "சித்தி" என்று அழுதாள். அவளுக்காக ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

சனிக்கிழமை ஃபௌசியா போட்ட கணக்கை இன்று நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பள்ளியில் கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள் நான்.

"எடையைப் பத்தால பெருக்குங்க. உயரத்தை ஆறே காலால பெருக்கிக் கூட்டுங்க. வயசை அஞ்சால பெருக்கிக் கழிங்க. பொம்பளைங்களுக்கு இன்னொரு நூத்தி அறுபத்தொண்ணு கழிக்கணும்" என்றாள்.

"பொம்பளைன்னா மட்டும் எதுக்கும்மா கழிக்கணும்?"

"நான் கண்டுபிடிச்ச கணக்கு இல்ல டீச்சர்."

84.6 கிலோ, 162 சென்டிமீட்டர், 41 வயது. விடை சுமார் 1,490. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் என் உடம்பு அவ்வளவு கலோரி செலவழிக்குமாம். அதை உடலுழைப்புக்குத் தகுந்த ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு 1.2. நன்றாக ஓடியாடுகிறவர்களுக்கு 1.55.

"உங்களுக்கு எது டீச்சர்?"

"நான் பி.டி. டீச்சர்மா. கிரவுண்டுதான் என் வீடு."

1.55 என்று எழுதினாள். பெருக்கினால் 2,310 வருகிறது. அதில் அறுநூறு சொச்சம் குறைத்து, நாளுக்கு 1,700 என்று முடிவு செய்தோம். 1,700 எனக்குத் தூசு.

ஜூன் 15, சனி

இவர் கடையில் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் போய் உட்கார்ந்தேன். பரோட்டாவுக்கு எத்தனை கலோரி என்று நான் கேட்டதும், மனிதர் தராசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாவு உருண்டையை நிறுத்தார். எண்ணெய் டின்னை முதலில் நிறுத்தார், நாற்பது பரோட்டா போட்டார், மறுபடி நிறுத்தார். அறுநூறு கிராம் குறைந்திருந்தது. ஒரு பரோட்டாவுக்குப் பதினைந்து கிராம் எண்ணெய். மாவும் எண்ணெயும் சேர்த்து முந்நூற்றுப் பத்து கலோரி.

இவர் டின்னை மூடி ஓரமாக வைத்தார்.

"அப்ப நீ தெனம் தின்ன மூணு..."

"தொள்ளாயிரத்து முப்பது. சால்னா தனி."

"இருபத்திரெண்டு வருசமா ஊத்துதேன் கனி. எவ்வளவு ஊத்துதேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

"நல்லாத்தான ஊத்துனிய. நான் என்ன குறையா சொன்னேன்?"

நாற்பது பரோட்டாவும் மாலைக்குள் விற்றுவிட்டது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இதை ஃபௌசியா படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஜூன் 22, சனி

மதுரை. எடை 84.4.

இரண்டு வாரத்தில் இருநூறு கிராம்! ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தால் அதுவே குறைந்திருக்கும்.

ஃபௌசியா நோட்டைப் புரட்டினாள். "எதாவது எழுத விட்டுப்போச்சா டீச்சர்? ஞாபகமில்லாம வாயில போட்டது, டேஸ்ட் பாத்தது..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் பொய் எழுதுறவ இல்லம்மா. வேர்க்கடலை ரெண்டு பருப்பு தின்னதக்கூட எழுதியிருக்கேன். பாருங்க, பதினெட்டாம் தேதி."

பார்த்தாள். இருந்தது. கடைசியில், "உங்க போன்ல எத்தனை அடி நடந்தீங்கன்னு காட்டும். மூணு நாளைக்குப் பையிலயே வச்சிருங்க" என்றாள்.

அக்கா அதே கட்டடத்தில் மேல் மாடியில் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள் என்று மதி சொன்னாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 26, புதன்

திங்கள் 2,910. செவ்வாய் 2,760. இன்று 2,840.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மதியம் மைதானத்தில் நானே எண்ணி நூறு அடி நடந்தேன். போன் தொண்ணூற்றெட்டு காட்டியது. போன் சரியாகத்தான் இருக்கிறது.

பிறகு என் நாற்காலியைப் பார்த்தேன். வாகை மரத்தடியில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. தூக்கிப் பார்த்தால், அதன் நாலு காலும் நின்ற இடத்தில் விரற்கடை ஆழத்துக்குக் குழி. எத்தனை வருஷமாக ஒரே இடத்தில் கிடந்தால் அப்படிக் குழி விழும்? பிள்ளைகள் ஓடுகிறார்கள். நான் விசில் ஊதுகிறேன். ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் ஓடுவதாகத் தோன்றிவிடும் போலிருக்கிறது.

1,490-ஐ 1.2 ஆல் பெருக்கினேன். 1,788. அதில் 1,700 சாப்பிட்டால் மிச்சம் 88. பதினாலு நாளுக்கு 1,232. ஒரு கிலோ குறைய 7,700 வேண்டும். ஆகக் குறைந்திருக்க வேண்டியது நூற்று அறுபது கிராம். தராசு காட்டியது இருநூறு.

சாப்பாட்டில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. பொய் அந்த 1.55-ல் இருந்தது. அதைச் சொன்னதும் நான்தான்.

ஜூன் 27, வியாழன்

மதிய இடைவேளையில் ஃபௌசியாவுக்குப் போன் செய்தேன்.

"அந்த 1.55 பொய்ம்மா."

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா? பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

விசிலை விரலில் சுற்றினேன்.

"1.2-ன்னு மாத்திரட்டுமா?" என்றாள்.

"மாத்தாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். நான் அங்க வாரேன்."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை. "சரி. ஓடுங்க. ஆனா வீணாப்போன நாளையும் பிடிக்கணும். தட்டுல இனி ஆயிரத்து நானூறு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

ஜூலை 1, திங்கள்

நாற்காலியைத் தூக்கி விளையாட்டுச் சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன். ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "டீச்சர், விசில் யாரு ஊதுவா?" என்றாள். "நானே ஊதிட்டு நானே ஓடுவேன், நீ ஓடு" என்றேன்.

முக்கால் சுற்று. அதற்கு மேல் நெஞ்சு அடைத்துக்கொண்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது பிள்ளைகளும் என்னைத் தாண்டிப் போனார்கள். சிரித்தவளை எல்லாம் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். மீதிக் கால் சுற்றை நடந்தே முடித்தேன்.

ஜூலை 6, சனி

எடை 83.2. ஒரு கிலோவுக்கு மேல்! ஃபௌசியா எழுந்து நின்று கைதட்டினாள்.

பிறகு, "மேல வாங்க, ஒரு நிமிஷம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அழகு என்றால் அவள்தான். புடவைக் கொசுவம் கலையாமல் பஸ்ஸில் திருநெல்வேலி வரை போய்வருவாள். இப்போது கண் இரண்டும் மஞ்சள். கைகள் விறகு மாதிரி. வயிற்றில் மட்டும் நீர் கோத்திருந்தது. அதை எடுக்கத்தான் சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் தட்டில் இரண்டு இட்லி. ஒன்றில் மட்டும் ஒரு விள்ளல் குறைந்திருந்தது. மதியைக் காணோம், மருந்து வாங்கப் போயிருந்தாள்.

அக்காவின் தலைமாட்டில் என்னுடையதைப் போலவே ஒரு நோட்டு.

ஃபௌசியா அதை எடுத்துக் காட்டினாள். "இவங்களுக்கும் இதே கணக்குதான் டீச்சர். ஆனா ஏத்தணும். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. ஆபரேஷனைத் தாங்க உடம்புல தெம்பு வேணும்ல. எழுநூறைத் தாண்ட மாட்டேங்குறாங்க."

"எழுநூறா?" என்று கேட்டுவிட்டேன். "நான் காலைலயே முந்நூத்தம்பது முடிச்சிட்டேன்."

அக்கா கண்ணைத் திறக்காமலே, "நீ முடிப்ப" என்றாள்.

மூன்று வருஷத்தில் எங்கள் முதல் பேச்சு இதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "உன் ஒடம்பக் கெடுத்துக்கிட்டு எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்ட்டி" என்றாள்.

"உனக்கு யாரு தாரா? மதிக்காகத் தாரேன்."

"அப்ப மதிகிட்ட குடு."

ஊசி போட வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்கரு," என்றேன். "நான் ஆயிரத்து நானூறுல நிக்கேன். பரோட்டாக் கடைக்காரன் பொண்டாட்டி நான், எனக்கு எவ்வளவு கஷ்டம்னு ஒனக்கே தெரியும். நீ ஆயிரத்து எண்ணூறுல நின்னு காட்டு பாப்போம். தெனம் சாயங்காலம் அஞ்சரைக்குப் போன் பண்ணுவேன். நம்பரை மட்டும் சொன்னாப் போதும்."

தட்டுகளை எடுக்க ஆயா வந்தபோது, அக்கா தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஜூலை 8, திங்கள்

நான் 1,390. அக்கா 760. பேசிய நேரம் பதினோரு வினாடி. ஓட்டம்: ஒரு முழுச் சுற்று.

ஜூலை 12, வெள்ளி

நான் 1,400. அக்கா 910. "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். வரிசையாகச் சொன்னேன். "கத்திரிக்காயா? ஒனக்குத்தான் ஆகாதே" என்றாள். ஒரு நிமிஷம் இருபது வினாடி.

ஜூலை 14, ஞாயிறு

இவர் தாமாகவே ஒரு வேலை செய்தார். கடலைமிட்டாய் வாங்கி வந்து, தராசில் வைத்து, இருபது கிராம் துண்டுகளாக வெட்டினார். ஒரு துண்டு நூறு கலோரி. உப்பில்லை, அக்காவுக்கு உப்பு ஆகாது. ஃபௌசியாவிடம் போனில் கேட்டு, சரி என்ற பிறகு நாற்பது துண்டு டப்பாவில் போட்டுச் சாத்தூர் பஸ் ஏறினார். சாத்தூரில்தான் அக்கா வீடு. இந்த மூன்று வருஷத்தில் அந்த வீட்டு வாசலை இவரும் மிதிக்கவில்லை.

வெட்டும்போது உதிர்ந்த தூளைக் கையால் கூட்டி வைத்தார். எனக்குப் பிடிக்கும் என்று தெரியும். "ஒரு சிட்டிகை, இருபது கலோரிகூட வராது" என்றார். வேண்டாம் என்றேன். அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

மாலை போன். அக்கா 1,180. "ஒன் வீட்டுக்காரரு தராசோட வந்துருக்காரு. எங்க வீட்டு அரிசியெல்லாம் நிறுத்துப் பாக்காரு" என்றாள். அவள் சிரிக்கும்போது இருமல் வந்தது. நாலு நிமிஷம்.

ஜூலை 20, சனி

எடை 81.5. ஓட்டம்: மூன்று சுற்று, நிற்காமல். டிராக்சூட்டின் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. சரித்திர டீச்சர், "என்ன கனி, முகமே மாறிட்டு?" என்றார். முகம் அப்படியேதான் இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது.

ஜூலை 27, சனி

எடை 81.4. வாரம் முழுக்க ஒரு பருக்கை கூடவில்லை. நூறு கிராம்தான்.

ஃபௌசியா, "உடம்புன்னா சில வாரம் அப்படி நிக்கும். கணக்கை மாத்தாதீங்க" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

காலையில் மதி போன். அக்கா நேற்று பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் இருந்தாளாம். திரும்ப மதுரை. இப்போது பரவாயில்லை, பேசுகிறாள் என்றாள். "சித்தி, டாக்டர் சீக்கிரம்னு சொல்றாரு" என்றாள்.

ஐந்தரைக்குப் போன் செய்ய ஆளில்லை.

காலை: ஒரு இட்லி. மதியம்: மோர். ஓட்டம்: ஆறு சுற்று.

ஜூலை 31, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்றும் இட்லி ஒன்றுதான். இரண்டு நாளும் சேர்த்தே நானூறு கலோரிதான் இருக்கும். மூன்றாவது பீரியடில் ஐந்தாவது சுற்று ஓடும்போது மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கண் விழித்தால் வாகை மரத்தடி, பிள்ளைகளின் முகங்கள். "எட்டுப் பேர் தூக்குனோம் டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். ஜூன் மாதம் என்றால் பத்துப் பேர் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபௌசியா போனில் கத்தினாள். இதுவரை அவள் குரலை அப்படிக் கேட்டதில்லை.

"நானூறா? யாரைக் கேட்டு நானூறு? பட்டினி கிடந்தா சதை கரையும். ரத்தம் குறையும். அப்புறம் டாக்டர் உங்க பேரையே அடிச்சிருவாரு. அக்காவுக்கு வேற யாரு இருக்கா?"

"சீக்கிரம்னு சொன்னாங்கம்மா..."

"டீச்சர், அவங்களைக் காப்பாத்துறது ஒரு பாதி வேலைதான். உங்களை முழுசா வீட்டுக்கு அனுப்புறது இன்னொரு பாதி. ஆயிரத்து நானூறு. குறையவும் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

கோல்கீப்பராக இருந்தபோது கோச் திட்டினால் எதிர்த்துப் பேசுவேன். இவளை எதிர்த்து ஒன்றும் பேச முடியவில்லை.

இன்று மூன்று இட்லி, சோறு, இரண்டு முட்டை, மோர், மாதுளை. 1,400. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். வெங்காயம் நறுக்கியதால் வந்த கண்ணீர்.

ஆகஸ்ட் 3, சனி

எடை 80.3. நின்ற வாரத்தின் கணக்கையும் சேர்த்துத் தராசு கொடுத்துவிட்டது.

மாடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அக்கா, "ஆயிரத்து முந்நூத்தி அம்பது" என்றாள். ஆள் அடையாளம் தெரிகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாத்தூர். இவரும் அத்தானும் முன்னறையில் இருந்தார்கள். அக்காவுக்கு நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில், நான் கீழே.

நாலு கரண்டி குடித்தபின் வாயைத் துடைத்துக்கொண்டு, "மதி கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றேன்.

உண்மையில் ஞாபகமில்லை. பிப்ரவரி நாலாம் தேதி, காலைப் பந்தி, மூன்றாவது வரிசை. மாப்பிள்ளை வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பரிமாறுகிறவர்களிடம், "எங்க கனிக்கு ரெண்டு எல போடுங்கப்பா" என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எதிரே இருந்த பச்சைச் சட்டைக்காரர் அதிகமாகச் சிரித்தார். அவ்வளவுதான். வேறொன்றும் ஞாபகமில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அக்கா. "நீ எந்திரிச்சுப் போன பெறகு ஒன் எல வச்சது வச்சபடி கெடந்துச்சு. அப்பளம்கூட ஒடையல. நான்தான் மூடுனேன். மூடுன கையி இன்னும் உறுத்துது கனி."

நான் கஞ்சியைக் கலக்கினேன். கலக்க அதில் ஒன்றும் இல்லை.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால எனக்குப் படபடப்பு. எதாவது சொல்லிச் சிரிக்க வைக்கணும்னு தோணுச்சு. ஒன்னயத்தான் எடுத்தேன். ஒன்னய எடுத்தா நீ தாங்கிருவன்னு..." மூச்சு வாங்கியது.

"பேசாத. குடி."

"மாப்பு கேக்கேன்லட்டி?"

"கேட்டுட்டல்லா. இன்னும் ஆறு கரண்டி இருக்கு. நூத்தி இருவது கலோரி."

ஆறையும் குடித்தாள். அன்றைய மொத்தம் 1,620.

திரும்பும்போது பஸ்ஸில் இவர், "என்ன, முகம் வேற மாதிரி இருக்கு?" என்றார். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

எடை 78.5. எட்டுச் சுற்று. என்னைத் தாண்டிப் போன நாற்பது பேரில் இருபத்தாறு பேர் இப்போது எனக்குப் பின்னால். ஜூலை முதல் தேதி சிரித்த நாலு பேரும் அந்த இருபத்தாறில் அடக்கம்.

ஆகஸ்ட் 24, சனி

77.6.

மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் 77.6. ஃபௌசியா மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பெண், அவள் தலை என் தோளுக்குத்தான் வருகிறது.

திங்கட்கிழமை ஸ்கேன்.

ஆகஸ்ட் 28, புதன்

நாலு சதவீதம்! பதினெட்டிலிருந்து நாலு!

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. "எப்படிம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய டாக்டர் என்னைக் கேட்டார். "கணக்குப் போட்டுத்தான் சார்" என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

உறுப்பு கொடுக்க அனுமதி தரும் குழுவின் முன் உட்கார்ந்தோம். ஐந்து பேர். வீடியோ ஓடியது. கட்டாயம் ஏதும் உண்டா? இல்லை. உயிருக்கு ஆபத்து வரலாம் என்று தெரியுமா? தெரியும். கணவருக்குச் சம்மதமா? இவர், "அவ முடிவு பண்ணிட்டா அப்பறம் எனக்கு என்ன தனியா சம்மதம், சம்மதந்தான்" என்றார்.

பிறகு குழுவில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "நீங்க ஏன் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க?"

இரண்டு மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப்போனேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. வீடியோவில் இருக்கிறது, தேவைப்பட்டவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேட்ட அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் இவர், "மதி பேரு ஒரு தடவகூட வரலியே?" என்றார்.

"மறந்திருப்பேன்" என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாளைக் காலை ஆறரைக்கு ஆபரேஷன். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை.

அக்கா இன்று 1,810. முதல்முறையாக ஆயிரத்து எண்ணூறைத் தாண்டினாள். கதவோரம் வந்து நின்று விரலால் காட்டினாள்: ஒன்று, எட்டு, ஒன்று, சைபர். சைபருக்கு விரலை வட்டமாக மடித்தாள்.

பயமாக இருக்கிறதா என்று இவர் கேட்டார். இல்லை என்றேன். இவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது குளிரால்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாலு வரிதான் எழுத முடியும். வயிறு முழுக்கக் கட்டு. சிரித்தால் வலிக்கிறது, அதனால் இவரைப் பேசவே விடவில்லை. என்னிடமிருந்து எடுத்தது அறுநூற்று நாற்பது கிராம். நல்ல நிறமாக இருந்தது, வைத்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்குள் மிச்சமிருப்பது சில வாரங்களில் வளர்ந்துவிடுமாம்.

அக்கா இன்னும் தீவிர சிகிச்சையில். கண் திறந்தாளாம்.

செப்டம்பர் 18, புதன்

அக்காவுக்கு நேற்றுக் காய்ச்சல். இன்று இல்லை. நான் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போக மாட்டேன் என்றேன். இவர் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறார். கடை பூட்டியே இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

அக்காவை நேற்றுத் தனியறைக்கு மாற்றிவிட்டார்கள். இன்று காலை என்னை முகக்கவசம் போடச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, உள்ளே விட்டார்கள்.

நான் மெதுவாகத்தான் நடக்கிறேன், ஒரு கை வயிற்றில். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் நான் பார்த்தது அவள் கண்ணை. மஞ்சள் பெரும்பாலும் இறங்கிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஐந்தரை மணியாக இருந்தாலாவது நம்பர் கேட்டிருப்பேன். மணி எட்டேகால்.

ஃபௌசியா அங்கேதான் இருந்தாள். ஆயா காலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு இட்லி, உப்புக் குறைவான பாசிப்பருப்புச் சாம்பார். எத்தனை மாதமாகப் பார்க்கிறேன். தட்டு வந்தாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போட்டிக்காக, எனக்காக, மருந்து மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

இன்று அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். விள்ளினாள். தொட்டாள். மென்றாள். யாரையும் பார்க்கவில்லை. நான் எண்ணவும் இல்லை. இரண்டும் முடிந்தது. விரலைச் சூப்பினாள். வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு என்னவோ புரியாதது நடந்துவிட்ட மாதிரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி கனி," என்றாள். "பசிக்குதுட்டி."

ஃபௌசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வயிற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்தக் காரிடார் நீளமானது. ஆயா அந்தக் கோடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். மைதானத்தில் நாற்பது பிள்ளைகளை நிறுத்துகிற குரல் என்னுடையது. தையல் வலிக்க வலிக்கக் கூப்பிட்டேன்.

"இன்னும் ரெண்டு இட்லி! எங்க அக்காவுக்கு இன்னும் ரெண்டு!"

ஒன்பது அறையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் ஓடிவந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க" என்றாள்.

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.